மேல் வீட்டுக் குழாய் உடைந்து எங்கள் வீடு நனைந்தது: கிளெய்ம் கிடைக்குமா?

(ஒரு கேள்வியும் அதற்கு வந்த பதில்களும். ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர், தேதி, நேரம்.)

மடிப்பாக்கம் 2பி, 6.11.2025, காலை 8.15
மேல் வீட்டுக் குளியலறையில் சுவருக்குள் ஓடும் குழாய் நேற்று இரவு உடைந்துவிட்டது. எங்கள் ஹால் சீலிங், படுக்கையறை வார்ட்ரோப், அதன் பின்சுவர் எல்லாம் நனைந்து கிடக்கின்றன. ஜிப்சம் சீலிங் ஒரு பக்கம் தொங்குகிறது. பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டுப் பாலிசி இருக்கிறது, கட்டடத்துக்கும் பொருட்களுக்கும் சேர்த்து. "தண்ணி ஒழுகலுக்கெல்லாம் இன்சூரன்ஸ் வராது" என்கிறார் ஏஜென்ட். பெயிண்டரையும் கார்ப்பென்டரையும் இன்றே வரச்சொல்லி வேலையை முடித்துவிட்டு, பில்லை வைத்துக் கேட்டால் போதாதா?

சர்வே மேசை, 6.11.2025, காலை 8.40
பெயிண்டர், கார்ப்பென்டர் இருவரையும் நிறுத்துங்கள். முதலில் மேல் வீட்டுக்கு ஓடுங்கள். பிளம்பர் சுவரை உடைத்து எடுக்கும் குழாய்த் துண்டு குப்பைக்குப் போவதற்குள் வாங்கி, ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். உங்கள் கிளெய்மில் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

ஏஜென்ட் சொல்வது பாதிதான். பாலிசியில் எந்தெந்த ஆபத்துக்குப் பணம் என்று பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கும். தண்ணீர்த் தொட்டி, குழாய், அது சார்ந்த கருவிகள் வெடிப்பதும் நிரம்பி வழிவதும் அதில் இருக்கின்றன. மாதக்கணக்கில் சுவரில் ஏறும் ஓதமும், தரை இணைப்பில் இருந்து வரும் கசிவும் இல்லை. நேற்று வரை காய்ந்திருந்த சீலிங் ஒரே இரவில் நனைந்தது என்று காட்ட முடிந்தால் பணம் உண்டு. காட்ட முடியாவிட்டால் இழுபறிதான்.

சர்வே மேசை, 6.11.2025, காலை 9.05
இப்போது செய்ய வேண்டியது. ஹால், படுக்கையறை லைட் சர்க்யூட்டின் எம்சிபியை (மின்பெட்டியில் அந்த அறைகளுக்கான சுவிட்ச்) இறக்குங்கள். சீலிங் விளக்குக்குள் தண்ணீர் நின்றால் சுவிட்ச் போட்ட மாத்திரத்தில் ஷார்ட் ஆகும். ஷார்ட் சர்க்யூட்டால் மின்கருவிக்கு வரும் சேதத்தைப் பாலிசி தனியாக விலக்கி வைத்திருக்கிறது. தண்ணீரால் வந்த சேதம் கையில் இருக்கும்போதே அதை மின்சேதமாக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

தொங்கும் ஜிப்சம் போர்டை முதலில் படம் எடுங்கள். வாசலில் நின்று அறை முழுவதும் தெரியும்படி ஒன்று, சேதத்துக்கு இரண்டடி தூரத்தில் ஒன்று, பக்கத்தில் டேப் வைத்து அளவு தெரியும்படி ஒன்று. அதன்பின் கீழே வாளி வைத்து, போர்டின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் துளை போட்டுத் தண்ணீரை இறக்குங்கள். தானாக விழுந்தால் டிவியும் போகும். சேதம் பெருகாமல் பார்ப்பது பாலிசிதாரர் கடமை. அதற்காகச் செய்யும் தற்காலிக வேலையை யாரும் குறை சொல்ல முடியாது. நிரந்தர வேலைதான் சர்வேயர் (சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் ஆள்) பார்த்த பிறகு.

சங்கச் செயலாளர், 6.11.2025, காலை 10.20
காப்பீட்டுக் கம்பெனியிடம் புகார் இன்றே பதிவாகட்டும். கஸ்டமர் கேர் நம்பருக்குப் போன் செய்து கிளெய்ம் எண் வாங்குவதோடு விடாமல், அதே விவரத்தை ஈமெயிலிலும் அனுப்புங்கள். பாலிசி எண், நடந்த நாள், நேரம், எந்தக் குழாய், எந்த அறை, உத்தேசச் சேதம். அவ்வளவு போதும். போலீஸ் புகார் குழாய் உடைப்புக்குத் தேவையில்லை, அது திருட்டுக்கு.

குடியிருப்புச் சங்கத்திடம் ஒரு கடிதம் வாங்குங்கள். "இன்ன தேதி இரவு இந்த ஃபிளாட்டில் குழாய் உடைந்தது, இத்தனை மணிக்கு வாட்ச்மேன் மோட்டாரை நிறுத்தி வால்வை மூடினார்" என்று இரண்டு வரி. மோட்டார் ரெஜிஸ்டர் இருந்தால் அந்தப் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

குழாய் வேலை, 6.11.2025, பிற்பகல் 1.30
துண்டைப் பார்த்தாலே பெரும்பாலும் காரணம் தெரியும். சிபிவிசி (பிளாஸ்டிக்) குழாயில் உடைப்பு நான்கு மாதிரி வரும். பித்தளை நூல் வைத்த எல்போவில் (வளைவு இணைப்பு) ஷவரையோ திருகு குழாயையோ அதிகமாக முறுக்கியிருந்தால், பிளாஸ்டிக் வாய் நீளவாக்கில் பிளக்கும். பிளவு புதிதாக இருந்தால் ஓரம் கூர்மையாக, உள்ளே வெளியே ஒரே நிறத்தில் இருக்கும். பழைய பிளவில் அழுக்கும் உப்புப் படிவும் ஏறியிருக்கும். சால்வென்ட் சிமென்ட் சரியாகத் தடவாத ஜாயின்ட் என்றால் குழாய் அப்படியே வழுவி வெளியே வந்திருக்கும், குழாய் முனையில் பசை பாதி வட்டத்துக்குத்தான் இருக்கும். கீசர் பக்கத்துக் குழாய் சூட்டில் வளைந்து உடைவது மூன்றாவது. நான்காவது, டைல் போடுகிறவர் ஆணியோ டிரில்லோ இறக்கியது.

பழைய கட்டடத்து ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் கதை வேறு. உள்ளே துருப் பிடித்து ஊசித் துளை விழுந்து, சுவருக்குள்ளேயே பல மாதம் சொட்டியிருக்கும். சர்வேயர் அதை வெடிப்பு என்று ஏற்க மாட்டார்.

பிளம்பர் பில்லில் "குழாய் ரிப்பேர், கூலி" என்று மட்டும் எழுதினால் பிரயோஜனமில்லை. எந்த இடம், எந்த அளவு (முக்கால் அங்குலமா, அரை அங்குலமா), எது உடைந்தது, எப்படி உடைந்தது, தண்ணீர் எவ்வளவு வேகமாக வந்தது. பார்த்ததை அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

மடிப்பாக்கம் 2பி, 6.11.2025, மாலை 6.50
துண்டு கிடைத்தது. பித்தளை எல்போ, நீளவாக்கில் பிளவு. சர்வேயர் நாளை மறுநாள் வருகிறாராம். அவர் வந்து என்ன பார்ப்பார்?

சர்வே மேசை, 6.11.2025, இரவு 9.10
சீலிங்கைத்தான் முதலில் பார்ப்பார். நனைந்து காய்ந்த இடத்தின் ஓரத்தில் பழுப்பு வளையம் விழும். ஒருமுறை நனைந்ததற்கு ஒரு வளையம். உள்ளே இரண்டு மூன்று வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, அடர்த்தி மாறி இருந்தால், முன்பும் ஒழுகியிருக்கிறது என்று பொருள். அடுத்து, பட்டி (பெயிண்டுக்கு அடியில் பூசும் பூச்சு) உரிந்த இடத்தில் விரலை வைத்துத் தேய்ப்பார். வெள்ளைப் பொடி வந்தால் அது உப்பு. சுவரில் உப்புப் பூக்கத் தண்ணீர் பலமுறை ஏறி இறங்க வேண்டும், ஒரே இரவில் வராது. வார்ட்ரோப் முதுகுப் பலகையை நகர்த்திப் பார்ப்பார். அங்கே பரவலாகக் கறுப்புப் பூஞ்சை இருந்தால் கேள்வி வரும். பூஞ்சை ஓரிரு நாளிலேயே முளைக்கத் தொடங்கும் என்பதால்தான் இன்றே படம் எடுக்கச் சொன்னேன். சர்வேயர் வரும் அன்று பூஞ்சை இருந்தாலும், முதல் நாள் படத்தில் இல்லை என்று காட்டலாம்.

சீலிங்கில் ஏற்கெனவே பழைய கறை இருந்தால் மறைக்காதீர்கள். "இந்த மூலையில் போன மழையில் வந்த கறை, அதற்குக் கேட்கவில்லை" என்று நீங்களே காட்டுங்கள். மற்ற இடத்தைப் பற்றிய உங்கள் பேச்சுக்கு அப்போதுதான் மதிப்பு.

கோவை வாசகி, 7.11.2025, காலை 7.30
ஒரு சந்தேகம். தவறு மேல் வீட்டுக்காரருடையது. அவரிடமே பணம் வாங்கிவிட்டால் இவ்வளவு அலைச்சல் எதற்கு?

சங்கச் செயலாளர், 7.11.2025, காலை 8.00
சின்னத் தொகை என்றால் அதுதான் நல்லது மேடம். பெயிண்ட் செலவை அவர் ஏற்றுக்கொண்டால் முடிந்தது. இங்கே சீலிங், வார்ட்ரோப், சுவர் மூன்றும் போயிருக்கிறது.

இரண்டு வழியையும் ஒன்றாகப் பிடிக்கும்போது ஒரு எச்சரிக்கை. நம் கம்பெனி நமக்குப் பணம் கொடுத்த பிறகு, அந்தத் தொகையைத் தவறு செய்தவரிடம் கேட்கும் உரிமை கம்பெனிக்குப் போகிறது. அதற்குத்தான் கடைசியில் சப்ரோகேஷன் கடிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். நடுவில் நீங்கள் மேல் வீட்டாரிடம் "எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் கம்பெனியின் உரிமையை நீங்களே வெட்டியதாகும், கிளெய்மும் சிக்கும். அக்கம்பக்கத்து உறவு முக்கியம்தான். அவரிடம் வாயால் பேசுங்கள். கையெழுத்து எதிலும் போடாதீர்கள். அவர் ஏதாவது தொகை கொடுத்தால் அதைக் கம்பெனியிடம் சொல்லிவிடுங்கள். ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்க முடியாது.

சர்வே மேசை, 7.11.2025, இரவு 10.15
எஸ்டிமேட் பற்றி. "ஹால் பெயிண்டிங் மற்றும் சீலிங் வேலை, மொத்தமாக இவ்வளவு" என்று வரும் ஒற்றை வரி எஸ்டிமேட்டைச் சர்வேயர் தன் இஷ்டத்துக்கு வெட்டலாம். பிரித்து எழுதியதை வெட்டுவது கடினம். மாதிரி:

ஹால் ஜிப்சம் சீலிங், சேதமான பகுதி 12 அடிக்கு 10 அடி, 120 சதுர அடி: பழைய போர்டு கழற்றல், சேனல் சரிபார்ப்பு, 12.5 மி.மீ. போர்டு, ஜாயின்ட் டேப், பட்டி. படுக்கையறை மேற்குச் சுவர் 11க்கு 9.5, 104.5 சதுர அடி: உரிந்த பட்டியைச் சுரண்டுதல், பிரைமர் ஒரு கோட், பட்டி இரண்டு கோட், எமல்ஷன் இரண்டு கோட். வார்ட்ரோப்: எந்தப் பலகை, எத்தனை ஷட்டர், எத்தனை சதுர அடி. ஒவ்வொன்றுக்கும் சதுர அடி விலை தனியே.

நனைந்த துண்டுக்கு மட்டும் பெயிண்ட் அடித்தால் நிறம் ஒட்டாது. ஒரு மூலையில் இருந்து அடுத்த மூலை வரை முழுச் சுவரையும் கேளுங்கள், காரணத்தையும் எழுதுங்கள். ஆனால் அடுத்த அறைக்கும் சேர்த்துக் கேட்டால் மொத்த எஸ்டிமேட் மீதும் சந்தேகம் விழும்.

உடைந்த எல்போவை மாற்றும் செலவும், அதைத் தேடி டைலை உடைத்து மறுபடி ஒட்டும் செலவும் தனி வரியில் இருக்கட்டும். உங்கள் வழக்கில் அது மேல் வீட்டுக்காரர் கணக்கு. சொந்தக் குழாயாக இருந்தால் பலரும் வாக்குவாதம் செய்யும் இடம் இதுதான், மற்ற தொகையோடு கலந்தால் அதையும் சேர்த்து இழுத்துவிடும்.

குழாய் வேலை, 8.11.2025, காலை 6.45
வார்ட்ரோப் பற்றி நான் சொல்கிறேன், தினமும் பார்ப்பதால். பார்ட்டிகிள் போர்டு நனைந்தால் ஓரம் ஊதி பிஸ்கட் மாதிரி உதிரும், காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. அதற்கு ரிப்பேர் கிடையாது, மாற்றுதான். சாதாரண பிளைவுட் ஏடு ஏடாகப் பிரியும். மரைன் பிளைவுட் பெரும்பாலும் பிழைக்கும், அதில் லேமினேட் மட்டும் தூக்கிக்கொள்ளும். ஊதிய ஓரத்தை ஸ்கேலில் அளந்து, ஊதாத ஓரத்தோடு சேர்த்து ஒரே படத்தில் எடுங்கள். 18 மி.மீ. பலகை 23 மி.மீ. ஆகியிருந்தால் அந்த ஒரு படம் போதும்.

கழற்றிய பலகையைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். சர்வேயர் பார்த்து, மீதி மதிப்பு எவ்வளவு என்று எழுதும் வரை மொட்டைமாடியிலாவது கிடக்கட்டும்.

மடிப்பாக்கம் 2பி, 9.11.2025, மாலை 4.00
சர்வேயர் வந்து போனார். ஒன்றரை மணி நேரம் இருந்தார். எல்போவைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார். "மூன்று மாதம் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வீடு இப்படியே கிடக்க வேண்டுமா?

சர்வே மேசை, 9.11.2025, மாலை 5.25
வேண்டாம். அவர் பார்த்தாகிவிட்டது. "ஆய்வு முடிந்தது, பழுது வேலையைத் தொடங்குகிறேன், ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும்" என்று சர்வேயருக்கும் கம்பெனிக்கும் ஒரே மெயில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மூன்று மாதம் என்பதற்கு அடிப்படையில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 ஜூனில் வெளியிட்ட மாஸ்டர் சர்க்குலர்படி, தகவல் வந்த 24 மணி நேரத்தில் சர்வேயர் நியமனம், 15 நாளில் அறிக்கை, அறிக்கை கைக்கு வந்த 7 நாளில் கம்பெனியின் முடிவு. தேவையான ஆவணம் இல்லை என்பதையே காரணமாக்கி நிராகரிக்கவும் கூடாது. பழைய 30 நாள் கணக்கைச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மெயிலில் இந்தச் சர்க்குலரைக் குறிப்பிட்டுத் தேதிகளை எழுதி அனுப்புங்கள்.

கிளெய்ம் ஃபாரத்தை 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அது பாலிசியிலேயே உள்ள நிபந்தனை. கூட வைக்க வேண்டியவை: பாலிசி நகல், படங்கள், பிளம்பர் குறிப்பு, சங்கக் கடிதம், எஸ்டிமேட், வேலை முடிந்ததும் பில்கள், பான், ஆதார், கேன்சல் செய்த செக். பில் தரும் ஆளுக்கு ஜிஎஸ்டி எண் இல்லையென்றால் கையால் எழுதிய பில் போதும், பணத்தை மட்டும் வங்கி வழியாகக் கொடுங்கள்.

சர்வே மேசை, 9.11.2025, மாலை 5.50
தொடங்குங்கள் என்று சொன்னது மரவேலைக்கு. பெயிண்டுக்கு இல்லை. சுவர் காயாமல் பட்டி போட்டால் இரண்டே மாதத்தில் உரியும், அதற்கு மறுபடி கிளெய்ம் கிடையாது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மழைக்காலச் சென்னையில் காற்றாடி மட்டும் போட்டால் வாரக்கணக்கில் இழுக்கும்.

கோவை வாசகி, 10.11.2025, காலை 9.00
எங்களுக்கு ஹவுசிங் லோனோடு வங்கி கொடுத்த பாலிசி இருக்கிறது. ஃபிளாட் விலை 80 லட்சம், பாலிசியில் 22.5 லட்சம்தான் போட்டிருக்கிறது. குறைத்துப் போட்டு ஏமாற்றிவிட்டார்களா?

சங்கச் செயலாளர், 10.11.2025, பிற்பகல் 12.40
இல்லை. 80 லட்சத்தில் பெரும்பகுதி நிலத்தின் பங்கு. நிலம் எரியாது, நனையாது, அதற்குக் காப்பீடு இல்லை. கார்பெட் ஏரியாவை (சுவர்களுக்கு உள்ளே உள்ள தரைப்பரப்பு) கட்டுமானச் செலவால் பெருக்குவதுதான் கணக்கு. 900 சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 22.5 லட்சம். சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. 2021 ஏப்ரல் 1 முதல் வந்த பாரத் கிருஹ ரக்ஷாவில் கட்டடத்துக்கு எடுத்தால், வீட்டுப் பொருட்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகச் சேரும். உங்கள் கணக்கில் 4.5 லட்சம். வங்கி தந்தது வேறு வகைப் பாலிசியாக இருந்தால் பொருளுக்குச் சல்லிக்காசு இருக்காது. எடுத்துப் படியுங்கள். வங்கியின் பெயரும் அதில் ஏறியிருந்தால் கட்டடத் தொகை வங்கிக் கணக்குக்குப் போகலாம். பழுது பார்க்க அதை வாங்க வங்கியிடம் கடிதம் வேண்டும்.

சர்வே மேசை, 10.11.2025, இரவு 8.30
செயலாளர் சொன்னதோடு ஒன்று. பழைய பாலிசிகளில் பாதிக்குக் காப்பீடு செய்திருந்தால் சேதத்திலும் பாதிதான் தருவார்கள். 2 லட்சம் சேதத்துக்கு 1 லட்சம். பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்த வெட்டு இல்லை. அப்படியும் யாராவது விகிதம் போட்டு வெட்டினால் பாலிசியின் அந்தப் பிரிவைக் காட்டுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

தூத்துக்குடிக்காரன், 12.11.2025, காலை 11.10
வெள்ளத்துக்கும் இதே வழிதானா அண்ணா? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது எங்கள் தெருவில் பாலிசி வைத்திருந்தவர்கள் இரண்டு மூன்று வீடுதான். அவர்களும் எப்படிக் கேட்பது என்று தெரியாமலே விட்டுவிட்டார்கள்.

சர்வே மேசை, 12.11.2025, பிற்பகல் 2.00
வழி ஒன்றுதான், ஆதாரம் மாறும். வெள்ளத்துக்குக் காரணம் நிரூபிப்பது எளிது, ஊரே நனைந்திருக்கும். நாளிதழ் பக்கம், வானிலை மைய அறிக்கை, பக்கத்து வீடு என்று எத்தனையோ உண்டு. அங்கே நிரூபிக்க வேண்டியது அளவு. தண்ணீர் வடிந்ததும் சுவரில் சேற்றுக் கோடு இருக்கும். கழுவுவதற்கு முன்பு, தரையில் இருந்து அந்தக் கோடு வரை டேப் பிடித்து ஒவ்வொரு அறையிலும் படம் எடுங்கள். 3 அடித் தண்ணீர் என்றால் ஃபிரிட்ஜ் கம்ப்ரசரும் வாஷிங் மெஷின் மோட்டாரும் மூழ்கியிருக்கும், சுவரில் மாட்டிய ஏசிக்குக் கேட்க முடியாது. மூழ்கிய கருவியை மெக்கானிக் பார்க்கும் வரை பிளக்கில் செருகாதீர்கள். "தண்ணீர் புகுந்து போர்டு போய்விட்டது" என்று சர்வீஸ் ஆள் எழுதித் தர வேண்டும். கருவியின் பின்பக்கச் சீரியல் எண்ணையும் படம் எடுங்கள். பில் தொலைந்திருந்தாலும் பொருள் உங்களுடையது, அந்த ரகம் என்று காட்ட உதவும்.

காம்பவுண்ட் சுவர், கேட், மொட்டைமாடி சோலார் எல்லாம் கட்டடத்தில் அடங்கும், பலர் கேட்பதே இல்லை. கார், பைக் இதில் வராது, அதற்கு மோட்டார் பாலிசி. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் மட்டும் பண்ணாதீர்கள், எஞ்சினுக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராடு வளைந்தால் அது தனிச் சண்டை.

தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணமாக்கி நியாயமான கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று ஐஆர்டிஏஐ 2011இலேயே சொல்லியிருக்கிறது. ரோடும் போனும் துண்டித்துக் கிடந்தது என்றால் அதை எழுதிக் கேட்கலாம். கேட்காமலே விடுவதுதான் வருத்தம்.

மடிப்பாக்கம் 2பி, 28.11.2025, இரவு 7.20
முடிவு வந்துவிட்டது. சீலிங்கும் சுவரும் ஏறக்குறைய முழுசாக ஒப்புக்கொண்டார்கள். வார்ட்ரோப்பில் பாதியை வெட்டியிருக்கிறார்கள், "தேய்மானம்" என்று. முழுத் தீர்வு என்று வவுச்சரில் கையெழுத்துப் போட்டால்தான் பணமாம்.

சர்வே மேசை, 28.11.2025, இரவு 8.45
முதலில் சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு மெயில் போடுங்கள். வெட்டியது சர்வேயரா, கம்பெனியா என்பது அதில்தான் தெரியும். சுவரோடு பொருத்திய வார்ட்ரோப்பை அவர் கட்டடமாக எடுத்தாரா, பொருளாக எடுத்தாரா என்றும் பாருங்கள். பிறகு பாலிசியில் அந்தப் பிரிவுக்கு இழப்பீடு எந்த அடிப்படையில் என்று படியுங்கள். புதிதாக மாற்றும் விலை என்று இருந்தால் தேய்மானம் கழிக்க இடமில்லை. அந்த வரியை மேற்கோள் காட்டிக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள்.

வவுச்சருக்குப் பயப்பட வேண்டாம். அதில் கையெழுத்துப் போட்டதாலேயே மீதியைக் கேட்கும் உரிமை போய்விடாது என்று ஐஆர்டிஏஐ 2015இல் தெளிவாக்கியது. ஒப்புக்கொண்ட தொகையை "மறுப்புடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். அன்றே தனி மெயிலிலும் சொல்லிவிடுங்கள்.

ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்). சென்னையில் அலுவலகம் தேனாம்பேட்டை அண்ணா சாலை, ஃபாத்திமா அக்தர் கோர்ட் கட்டடம். 50 லட்சம் வரையிலான வழக்குகளை எடுப்பார்கள். கட்டணமில்லை, வக்கீல் தேவையில்லை. கம்பெனி கைவிரித்த நாளில் இருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அங்கே நீட்டும் முதல் காகிதம் முதல் நாள் படமாக இருக்கட்டும்.

குழாய் வேலை, 29.11.2025, காலை 7.00
தேய்மானம் என்று சொல்லும்போது வார்ட்ரோப் எப்போது செய்தது என்பதற்குக் கார்ப்பென்டர் பில்லோ பணம் அனுப்பிய ரசீதோ இருந்தால் வையுங்கள். பில் இல்லாவிட்டால் அவர்களாக வயதைக் கூட்டிப் போட்டிருப்பார்கள்.

சங்கச் செயலாளர், 29.11.2025, காலை 9.35
பணம் வந்ததும் இன்னொன்றைப் பாருங்கள். கிளெய்ம் கொடுத்த பிறகும் காப்பீட்டுத் தொகை பழையபடி முழுசாகத் தொடரும், அதற்கான விகிதப் பிரீமியத்தைத் தரும் தொகையில் பிடித்துக்கொள்வார்கள். கணக்கில் சின்னதாக ஒரு கழிவு இருந்தால் அதுவாக இருக்கலாம். எதற்கு என்று கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். மேல் வீட்டில் மற்ற பித்தளை எல்போக்களையும் அதே ஆள் அதே நாளில்தான் முறுக்கியிருப்பார், டைல் உடைந்திருக்கும் இப்போதே எல்லாவற்றையும் மாற்றச் சொல்லுங்கள்.